முடிவைச் சொல்லாமல் நடத்தும் பாடம்

பொறியியல் படிக்கும் பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால் அவர்கள் புத்தக அடுக்கில் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' என்று ஒரு புத்தகம் இருக்கும். எடுத்துப் பாருங்கள், அநேகமாகப் புத்தம் புதிதாக இருக்கும். பரீட்சைக்கு முந்தைய இரண்டு நாளில் படித்துவிடலாம் என்று பிள்ளைகளே தீர்மானித்துவிட்ட பாடம் அது. "தியரி பேப்பர் தாத்தா, பாயின்ட் போட்டு எழுதினா மார்க் விழும்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். மார்க் விழுகிறது. அதுதான் எனக்குக் கவலை.

நான் ஓர் அனல் மின் நிலையத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம், வாரம் இரண்டு நாள், இந்தப் பாடத்தை நடத்தினேன். எனவே இது வெளியே நின்று சொல்லும் குறை இல்லை.

அந்தப் புத்தகத்தில் முக்கியமான கேள்வி ஹென்றி ஃபயோலின் 14 கொள்கைகள். வேலைப் பங்கீடு, அதிகாரமும் பொறுப்பும், ஒரே தலைமை என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் சேர்த்து ஏதோ ஒரு வார்த்தை செய்து மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ஃபயோல் யார் என்று கேட்டால் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஒரு சுரங்க இன்ஜினியர். பிரான்ஸில் கொமான்ட்ரி என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1860-ல் 19 வயதில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கத்துக்குள் பற்றும் தீயை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதில்தான் அவருடைய ஆரம்ப காலம் கழிந்தது. 1888-ல் கம்பெனி நொடித்துப் போகும் நிலையில் இருந்தபோது பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, கிட்டத்தட்ட 30 வருடம் நடத்தி, தன் 75-வது வயதில், 1916-ல்தான் இந்தக் கொள்கைகளை அச்சில் கொண்டுவந்தார். நம்மைப் போல ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஓர் இன்ஜினியர், தான் பட்டதை உட்கார்ந்து எழுதினார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அவர் பட்டதையெல்லாம் விட்டுவிட்டு, கடைசியில் போட்ட பட்டியலை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

இதற்கு மருந்து கேஸ் ஸ்டடி என்று கல்லூரிகளுக்கும் தெரியும். வினாத்தாளின் கடைசியில் 15 மார்க் கேள்வி ஒன்றை அதற்காகவே வைக்கிறார்கள். ஆனால் அதில் வருவது என்ன? ஒரு கம்பெனி மேனேஜர், அவருக்குக் கீழே இருவர் சண்டை போடுகிறார்கள், நீங்கள் மேனேஜராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்பது போல ஒரு பத்தி. பையன் அதைப் படிப்பதே இல்லை. 'சண்டை' என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தத் தலைப்பில் மனப்பாடம் செய்ததைக் கொட்டிவிட்டு வருகிறான். வகுப்பில் நடப்பதும் அப்படித்தான். ஏதாவது ஒரு பெரிய கம்பெனி எப்படி ஜெயித்தது என்று இணையத்தில் இருந்து எடுத்து, பத்து ஸ்லைடு போட்டு, நால்வர் மாறி மாறி வாசிப்பார்கள். கடைசியில் கைதட்டல்.

இதில் குறை கதையின் அளவிலோ ஸ்லைடிலோ இல்லை. முடிவு தெரிந்துவிட்டது என்பதுதான் குறை. ஜெயித்த கம்பெனி என்று தெரிந்த பிறகு அது செய்ததெல்லாம் புத்திசாலித்தனமாகத் தெரியும். தோற்றது என்று தெரிந்தால் செய்ததெல்லாம் மடத்தனம். வேலையில் இருப்பவனுக்கு முடிவு தெரியாது. அவன் முன்னால் நாலைந்து தகவல் இருக்கும், அதில் ஒன்று தப்பாக இருக்கும், கேட்க வேண்டிய ஆள் ஊரில் இருக்க மாட்டார், மணி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மாணவனை நிறுத்துவதுதான் கேஸ் ஸ்டடி.

இந்த முறை ஒன்றும் புதியது இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டின் சட்டக் கல்லூரியில் லாங்டெல் என்பவர் 1870 வாக்கில், சட்டப் புத்தகத்தை உருப்போடுவதற்குப் பதிலாக நடந்த வழக்குகளையே வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். 1908-ல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 1919-ல் டோனம் என்பவர் தலைவராக வந்தார். அவர் அந்தச் சட்டக் கல்லூரியில் படித்தவர், அதே முறையை இங்கேயும் கொண்டுவந்தார். 1961-ல் அகமதாபாத்தில் ஐஐஎம் தொடங்கியபோது ஹார்வர்டோடு கூட்டு வைத்ததால் அந்த வழக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. ஆனால் அது எம்பிஏ படிப்போடு நின்றுவிட்டது. பொறியியல் கல்லூரிப் பக்கம் பெயர் மட்டும்தான் வந்தது.

இன்ஜினியர்களுக்கு ஏற்ற கேஸ் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது 'கார்ட்டர் ரேசிங்'. 1986-ல் பிரிட்டன், சிட்கின் என்ற இரண்டு பேராசிரியர்கள் எழுதியது. ஒரு கார் பந்தயக் குழு. இதுவரை 24 பந்தயங்களில் ஓடி, 7 தடவை இன்ஜின் கேஸ்கட் போயிருக்கிறது. இன்று பெரிய பந்தயம், டெலிவிஷனில் காட்டப் போகிறார்கள். ஜெயித்தால் பெரிய ஒப்பந்தம், ஓடாமல் விலகினால் நஷ்டம், ஓடி இன்ஜின் வெடித்தால் மானமும் போய் கம்பெனியும் போகும். காலையில் குளிர் அதிகம். மெக்கானிக், குளிரில்தான் கேஸ்கட் போகிறது என்கிறார். இன்னொருவர், அப்படி ஒன்றும் இல்லை, வெயிலிலும் போயிருக்கிறது என்று 7 தடவைக்கும் வெப்பநிலையைக் காட்டுகிறார். ஓடலாமா வேண்டாமா?

பெரும்பாலான வகுப்புகளில் பெரும்பாலானோர் ஓடலாம் என்றே சொல்வார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகுதான் ஆசிரியர் சொல்வார். இது கார் இல்லை, சேலஞ்சர் விண்கலம். கேஸ்கட் என்பது அதன் ராக்கெட்டில் இருந்த ரப்பர் வளையம். 1986 ஜனவரி 28 அன்று 7 பேர் இறந்தார்கள்.

அந்தக் கேஸின் சூட்சுமம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. வளையம் பழுதான தடவைகளின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு தெரியாது. ஒன்றும் ஆகாத மற்ற தடவைகளின் வெப்பநிலை என்ன என்று யாராவது கேட்க வேண்டும். கேட்டால் உடனே தெரிந்துவிடும். 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது நம் கணக்கில் 18 டிகிரிக்குக் கீழே, ஏவிய நான்கு தடவையும் பழுது. அதற்கு மேலே ஏவியவற்றில் மூன்றே மூன்றுதான். ஏவுவதற்கு முதல் நாள் இரவு தொலைபேசியில் பேசிய கூட்டத்தில், ராக்கெட் செய்த தியோகால் கம்பெனியின் இன்ஜினியர்கள், ரோஜர் பாய்ஸ்ஜோலி உட்பட, குளிரில் வேண்டாம் என்றுதான் வாதாடினார்கள். கம்பெனி மேலாளர்கள் தனியே பேசி, இன்ஜினியரிங் பொறுப்பில் இருந்தவரிடம் இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று சொல்லி, சம்மதம் வாங்கினார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இது இருக்கிறது.

இதையே 'சேலஞ்சர் விபத்து: ஒரு கேஸ் ஸ்டடி' என்று தலைப்புப் போட்டு நடத்தினால் 60 பேரும், நான் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்பார்கள். எல்லோரும் வீரர்கள். பெயரை மறைத்தால்தான், தானும் சரி என்று தலையாட்டியிருப்போம் என்பது ஒருவனுக்கு உறைக்கிறது. 20 வயதில் ஒரு தடவை அப்படி உறைத்துவிட்டால், பிற்பாடு ஒரு சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் தயங்கும்.

வெளிநாட்டுக் கேஸ் மட்டும் போதாது. எங்கள் நிலையத்தில் நடந்த ஒன்றை நானே இரண்டு பக்கம் எழுதி வகுப்பில் கொடுத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் மத்தியில், ஒரு மார்ச் மாதம், மாலை 7 மணி. 210 மெகாவாட் யூனிட் முழு லோடில் ஓடுகிறது. பாய்லரில் இருந்து புகையை இழுக்கும் பெரிய ஃபேன் இரண்டு. அதில் ஒன்றின் பேரிங் வெப்பம் 74 டிகிரியில் இருந்து மெல்ல ஏறி 8 மணிக்கு 81. 85-ல் அலாரம், 95-ல் ஃபேன் தானாக நின்றுவிடும். முழு லோடில் அப்படி நின்றால் யூனிட்டே நின்றுவிடலாம். அன்று கிரிட் ஃப்ரீக்வென்சி 48.5. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் அது சாதாரணம், ஞாபகம் இருக்கும். லோடைக் குறைக்காதே என்று லோடு டெஸ்பாட்ச் சொல்லிவிட்டது, மறுநாள் பிளஸ் டூ பரீட்சை. அந்த வெப்பத்தைக் காட்டும் சென்சார் போன மாதம்தான் தகராறு செய்து மாற்றப்பட்டது. இடத்துக்குப் போய்த் தொட்டுப் பார்த்த ஆபரேட்டர், இரண்டு பேரிங்கும் ஒரே மாதிரிதான் சுடுகிறது சார் என்கிறார். அதிர்வு சரியாக இருக்கிறது. பேரிங்கைப் பற்றித் தெரிந்த மெயின்டனன்ஸ் இன்ஜினியர் திருநெல்வேலியில் கல்யாணத்தில். செல்போன் கிடையாது. மேலதிகாரி வீட்டுப் போனை யாரும் எடுக்கவில்லை. ஷிப்ட் இன்ஜினியர் என்ன செய்ய வேண்டும்? அப்படியே ஓட்டுவதா, லோடை 120-க்கு இறக்கி ஃபேனை நிறுத்துவதா?

அவ்வளவுதான் காகிதத்தில் இருந்தது. முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற பயம். தமிழிலேயே பேசுங்கள் என்றேன். அதன் பிறகு நான் வகுப்பை அடக்க வேண்டியிருந்தது.

ஒரு பையன், "95-ல் தானாக நிற்கும்தானே சார், அதுக்குத்தானே பாதுகாப்பு, அதுவரைக்கும் ஓட்டலாம்" என்றான். பின்வரிசையில் இருந்து இன்னொருவன், "சந்தேகப்படுற சென்சாரை வச்சுத்தான்டா அந்தப் பாதுகாப்பே வேலை செய்யுது" என்றான். எண்ணெய் அளவு பார்த்தார்களா என்று கேட்டான் ஒருவன். யாராவது கேட்டால் கொடுப்பதற்கென்று தனிச் சீட்டில் அதை எழுதி வைத்திருந்தேன். மற்ற எந்த வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை. ஒரு பெண், அதிகம் பேசாதவள், "லோடை இறக்கினா நாளைக்கு யாரை விளக்கம் கேப்பாங்க? இறக்காம கெட்டுப் போச்சுன்னா யாரைக் கேப்பாங்க?" என்றாள். ஃபயோல் சொன்ன அதிகாரமும் பொறுப்பும் இதுதானம்மா என்று அப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன். புத்தகத்தைத் திறக்கச் சரியான நேரம் அது.

கை தூக்கச் சொன்னேன். 58 பேரில் 37 பேர் லோடை இறக்கலாம் என்றார்கள். என்ன ஆச்சு சார் என்று துளைத்தார்கள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். அந்தப் பாடத்துக்கு யாரும் லீவு போடாத நாள் அடுத்த வகுப்புதான்.

நடந்தது இது. அவர் லோடை இறக்கினார், ஃபேனை நிறுத்தினார். பல ஊர்களில் அன்று இரவு மின்வெட்டு. பேரிங்கைத் திறந்து பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை. சென்சார் இணைப்பு லூசாக இருந்தது. மறுநாள் அவருக்கு மெமோ.

சொன்னதும் வகுப்பில் சிரிப்பு. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு குரல். மறுபடி கை தூக்கச் சொன்னேன். 37 இப்போது 14 ஆகிவிட்டது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். இரவு 8 மணிக்கு அவர் கையில் இருந்த தகவலில் ஒரு வரிகூட மாறவில்லையே? அந்த ஒரு மணி நேரத்தை என் நான்கு வருடத்தில் சிறந்த வகுப்பு என்று நினைக்கிறேன். தெரிந்ததை வைத்துச் சரியாக முடிவெடுத்தும் பலன் சரியில்லாமல் போகலாம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியும் தப்பித்துவிடலாம், இரண்டையும் மேலே உட்கார்ந்து பார்ப்பவன் எப்படிப் பிரித்து அறிவான் என்று அவர்களே அலசினார்கள். மெமோ கொடுத்தவர் இடத்திலும் சிலரை உட்கார வைத்தேன். அவர்களும் முதலில் மெமோதான் கொடுத்தார்கள்! (லாக் ஷீட்டை இணைத்து அவர் எழுதிய பதிலோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது என்பது வேறு விஷயம்.)

நல்ல முடிவு உள்ள கதையையும் இப்படி நடத்தலாம். நமக்கெல்லாம் தெரிந்த பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. பாலத்தின் 146 கண்களில் 126 கண்களின் கர்டர்கள் அடித்துக்கொண்டு போயின. நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் தூக்கு பாலம் மட்டும் நின்றது. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம், அதை மேலதிகாரி மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த ஸ்ரீதரனுக்கு வயது 32. 46 நாளில் முடித்தார் என்று பாராட்டிப் பேசிப் பேசி, அவர் என்னென்ன யோசித்திருக்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிட்டோம். வகுப்பில் 46 என்ற எண்ணைச் சொல்லவே கூடாது. புயல் கடந்த மறுவாரத்தில் நிறுத்த வேண்டும். புது கர்டர் வெளியூரில் இருந்து வர வேண்டும். பழையது கடலுக்குள் கிடக்கிறது. அதை எடுக்கலாமா, எடுத்தால் நம்பி ரயிலை ஓட்டலாமா, யார் எடுப்பது, கடல் எந்தெந்த நேரம் இடம் கொடுக்கும், ஆறை மூன்றாக்கிய அதிகாரியிடம் என்ன பதில் சொல்வது? பழைய கர்டர்களைக் கடலில் இருந்து எடுத்துத்தான் மாட்டினார்கள் என்பதும், அங்குள்ள மீனவர்கள் அதற்கு உதவினார்கள் என்பதும் பிறகு வரட்டும். உள்ளூர்க்காரனிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு மாணவனுக்காவது தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். என் வகுப்பில் அப்படித் தோன்றியது ராமேஸ்வரம் பக்கத்தில் இருந்து வந்த ஒரே ஒரு பையனுக்கு.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். சிலபஸ் முடியாது என்பது முதலாவது. கல்லூரியில் மேலே இருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "சார், கதை சொல்வதைக் குறைத்துக்கொண்டு யூனிட்டை முடியுங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஐந்து யூனிட்டில் யூனிட்டுக்கு ஒரு கேஸ் போதும், மற்ற வகுப்புகள் வழக்கம்போல நடக்கட்டும் என்பது என் கட்சி. அடிப்படை தெரியாமல் கேஸ் மட்டும் பேசினால் டீக்கடை அரட்டையாகிவிடும், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

60 பேர் இருக்கிறார்களே என்பார்கள். ஹார்வர்டில் ஒரு வகுப்பில் 90 பேர்.

விடைத்தாள் திருத்துவதுதான் உண்மையான முட்டுக்கட்டை. பல்கலைக்கழகத் தேர்வில் எங்கோ ஒரு மையத்தில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகத் திருத்துபவருக்கு விடைக்குறிப்பு வேண்டும். லோடை இறக்கலாம் என்பவனும் கூடாது என்பவனும் இருவருமே முழு மார்க் வாங்கலாம் என்றால் அவர் என்ன செய்வார்? எனவே கேஸை அந்தத் தேர்வில் வைக்க வேண்டாம் என்கிறேன். வகுப்பு ஆசிரியரே போடும் உள்மதிப்பீட்டு மார்க்கில் வைக்கட்டும். பேசியதற்கும், கேட்ட கேள்விக்கும், ஒரு பக்கக் குறிப்புக்கும். அதில் வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பார்கள் என்ற பயம் நியாயமானது. முழுதாகத் தீர வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் இப்போது நடப்பதைவிட மோசமாகிவிடாது.

கடைசி ஆட்சேபம், நடத்த ஆள் எங்கே என்பது. படிப்பை முடித்த கையோடு வந்து நிற்கும் இளம் விரிவுரையாளர், பாவம், ஒரு தொழிற்சாலைக்குள் போனதே இன்டஸ்ட்ரியல் விசிட் அன்றைக்குத்தான். அவர் கையில் ஸ்லைடைத் தவிர வேறு என்ன இருக்கும்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதிய கேஸ் கையில் இருந்தால் அவரும் நன்றாகவே நடத்துவார். பதிலைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை, அடுத்தவனைப் பேசவிடத் தெரிந்தால் போதும்.

அந்தக் கேஸ்களை எழுத வேண்டியது நாம்தான். இதைப் படிப்பவர்களில் ரயில்வே, மின்வாரியம், பொதுப்பணித் துறை, சர்க்கரை ஆலை, நூற்பாலை என்று வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அணையில் இருந்து எத்தனை கன அடி திறப்பது என்று நள்ளிரவில் தீர்மானித்தவர், போனஸ் சமயத்தில் இயந்திரத்தை நிறுத்தத் துணிந்தவர், குறைந்த விலை டெண்டர் என்று தெரிந்தும் வேண்டாம் என்று எழுதியவர் உங்களில் உண்டு. அதையெல்லாம் நடைப்பயிற்சியின்போது நான்கு பேரிடம் சொல்லித் தீர்க்கிறோம். இரண்டு பக்கம் போதும். ஆள் பெயர், ஆபீஸ் பெயர் வேண்டாம். அன்று, அந்த நேரத்தில், உங்களுக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, யார் என்ன சொன்னார்கள், மணி என்ன. நீங்கள் செய்ததையும் பிறகு நடந்ததையும் தனித் தாளில் எழுதி, மடித்து, வேறு உறையில் போடுங்கள். பேரனின் கல்லூரியில் இந்தப் பாடம் நடத்துபவர் யார் என்று கேட்டு, இரண்டு உறையையும் அவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.